மதுரைப் பக்கம் செடான் ஓட்டுகிறவர்களின் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், மாருதி சியாஸ். இந்த ஐந்து மிட்சைஸ் (நடுத்தர அளவு) செடான்களில் ஒன்றை வாங்க நினைப்பவர்களும் வாங்கி ஓட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறோம். சியாஸ் தயாரிப்பு 2025-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டியாக நிறையப் பேர் தேடுவதால் அதையும் விடவில்லை. கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

மிட்சைஸ் செடான்னா எதுண்ணே? டிசையரும் டிக்கி வெச்ச வண்டிதானே?

டிசையர், அமேஸ், ஆரா மூன்றும் வரிச்சலுகைக்காக 4 மீட்டருக்குள் அடக்கிச் செய்தவை. மேலே சொன்ன ஐந்தும் நாலரை மீட்டர் நீளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் டிசையரில் 2,450 மி.மீ.; சிட்டியில் 2,600, சியாஸ், ஸ்லாவியா, விர்ட்டஸில் 2,650, வெர்னாவில் 2,670. கூடுதல் நீளம் பின் சீட்டில் கால் நீட்டும் இடமாகவும் டிக்கியாகவும் கிடைக்கிறது. நாற்கரச் சாலையில் வண்டி ஆடாமல் போவதற்கும் அதே நீளம்தான் காரணம், வேகத்தடையில் வயிறு தட்டுவதற்கும் அதுவேதான் காரணம். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் அதைச் சுற்றியே வரும்.

மாசி வீதிப் பக்கம் வீடு. சந்துக்குள்ள திரும்புமா?

அகலம் பிரச்சினை இல்லை. எல்லாமே 1.75 மீட்டர் சுமார். கிரெட்டா இதைவிட அகலம். கண்ணாடி இரண்டையும் விரித்தால் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் திருப்பத்தில்தான். சிட்டியின் திருப்ப ஆரம் 5.3 மீட்டர், அதாவது ஒரே மூச்சில் வட்டமடிக்கப் பத்தரை மீட்டருக்கு மேல் வேண்டும். சந்து முனையில் டிரான்ஸ்ஃபார்மரோ, நிறுத்திவைத்த லோடு ஆட்டோவோ இருந்தால் இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் வீட்டு வாசலை அளந்துவிடுங்கள். போர்டிகோ 5 மீட்டர் நீளம் இல்லாவிட்டால் கேட்டைச் சாத்தவோ டிக்கியைத் திறக்கவோ முடியாது. வாசல் சாய்தளத்தையும் பாருங்கள். ஒரு அடி உயரத்துக்கு ஆறு அடி நீளமாவது சரிவு இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது முன் பம்பரின் கீழுதடும், ஏறி முடிக்கும்போது நடு வயிறும் உரசும்.

ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும்ங்கிறாங்களே, நெசமா?

நாலு பேர், அஞ்சு பேர் ஏறினால் தட்டும். ஆள் ஏறாதபோது தரை இடைவெளி சிட்டியில் 165 மி.மீ., சியாஸில் 170, ஸ்லாவியா, விர்ட்டஸில் 179. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் இரண்டு விரல் அளவுக்கு இறங்கிவிடும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் எந்த செடானும் தட்டாது. ஊர்க்காரர்களே இரவோடு இரவாகக் கலவை கொட்டிப் போடுகிற குறுகிய மேடுதான் தட்டுகிறது.

ஏறும் முறை இது. மேட்டுக்கு முன்பே நடைவேகத்துக்கு வந்துவிடுங்கள். முன் சக்கரம் மேட்டைத் தொடும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்; பிரேக் பிடித்தபடி ஏறினால் மூக்கு கீழே குனியும், அதனால்தான் பாதிப் பேருக்கு பம்பர் உரசுகிறது. முதல் கியரில் மெதுவாக ஏற்றி, பின் சக்கரம் இறங்கும்வரை ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். மேடு ரொம்ப உயரமாக இருந்து, முன்னும் பின்னும் வண்டி இல்லையென்றால் சற்றுச் சாய்வாக, ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் ஏறும்படி எடுங்கள். அதற்கும் தட்டுமென்று தெரிந்தால் பின் சீட்டில் இருவரை இறக்கி ஏற்றுவதில் கூச்சம் வேண்டாம்.

லேசாக உரசினால் பெரும்பாலும் இன்ஜினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியோ சைலன்சர் குழாயோதான். ‘டங்’ என்று கனமாக அடித்தால் ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கீழே எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்குக்கு ரப்பர் கட்டை வைத்து உயர்த்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சஸ்பென்ஷன் இறுகி, சக்கரத்துக்குப் போகும் அச்சின் கோணம் மாறும். வாரண்டியிலும் தகராறு வரும்.

டவுனுக்குள்ள லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்? உண்மையச் சொல்லுங்க.

கோரிப்பாளையம், காளவாசல், பெரியார் நிலையம் என்று ஏசி போட்டு ஓட்டினால் பெட்ரோல் வண்டிகள் எல்லாமே 10-க்கும் 12-க்கும் நடுவில்தான். டர்போவில் (காற்றை அழுத்தி ஊட்டும் இன்ஜின்) காலை அழுத்துகிறவர்களுக்கு 9-க்கும் வந்துவிடும். திருச்சி சாலையிலோ திருநெல்வேலி சாலையிலோ 80–90 வேகத்தில் நிதானமாகப் போனால் 17, 18 சாதாரணமாகக் கிடைக்கும். அதே சாலையில் 110 பிடித்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறையும். வேகம் 80-லிருந்து 100 ஆனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது.

மீட்டர் திரையில் வரும் எண் சற்றுக் கூட்டியே காட்டும், அதை நம்ப வேண்டாம். ஒரே பங்கில், முதல் தடவை தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை எடுத்த சராசரிதான் உங்கள் மைலேஜ்.

இ20 பெட்ரோல் வந்த பெறகு மைலேஜ் கொறஞ்சிருச்சே, வண்டி கெட்டுப்போச்சா?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் எரிபொருளின் ஆற்றல் சுமார் 3 சதவீதம் குறைகிறது. 17 கொடுத்த வண்டி 16.5 கொடுத்தால் அது கணக்குப்படி சரி. அதற்கு மேல் விழுந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பழியை எல்லாம் எத்தனால் மேல் போட வேண்டாம்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இ20-க்கு ஏற்றவை. அதற்கு முந்தைய சியாஸ், சிட்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது எரிபொருள் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்துகிறவர்கள் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? ஆட்டோமேட்டிக்னா எது?

தினமும் டவுனுக்குள் ஓட்டுவதானால் ஆட்டோமேட்டிக்கே எடுங்கள். மூன்று வகை உண்டு. சிட்டியிலும் வெர்னாவின் சாதாரண பெட்ரோலிலும் வருவது பெல்ட் வகையான சிவிடி. வெட்டி இழுக்காது, ஊர்ந்து போக நல்லது. ஆனால் முந்தும்போது முழுக்க மிதித்தால் இன்ஜின் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். ஸ்லாவியா, விர்ட்டஸ் 1.0 டர்போவில் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் வகை); சத்தமில்லாமல் உழைக்கிற, எதற்கும் தாங்குகிற பெட்டி. 1.5 டர்போக்களில் வருவது டிஎஸ்ஜி, டிசிடி என்கிற இரட்டை கிளட்ச்.

இரட்டை கிளட்சை ஓட்டத் தெரிந்து ஓட்ட வேண்டும். இவற்றில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்காது, சூட்டைக் காற்றுதான் ஆற்ற வேண்டும். சிக்னலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும், பாலத்து ஏற்றத்தில் பிரேக் இல்லாமல் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிற்பதும் மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போட்டே நிற்பதற்குச் சமம். முன்வண்டி ஒரு கார் நீளமாவது நகரட்டும், பிறகு ஒரே இழுப்பில் நகருங்கள். நின்றால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள்.

வெயில்ல நிப்பாட்டி எடுத்தா உள்ள அடுப்பு மாதிரி இருக்கு. ஏசி போதாதோ?

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. செடானின் பின் கண்ணாடி படுத்த வாக்கில் இருப்பதால் பின் சீட்டும் பார்சல் தட்டும்தான் அதிகம் காய்கின்றன. ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் போட்டுக் கதவை மூடிக்கொள்வது தவறு. நாலு கண்ணாடியையும் இறக்கி அரை கிலோமீட்டர் ஓட்டுங்கள், உள்ளே தேங்கிய சூடு வெளியேறட்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியை அமுக்கி, ஏசியைப் போடுங்கள். பின் கண்ணாடிக்கு ஒரு மடிப்புத் திரை வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெப்பக்காற்று வருகிறதென்றால் முன்பக்கம் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கலாம், விசிறி சரியாகச் சுற்றாமல் இருக்கலாம். கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசியில் ஓடும் வண்டிகளுக்கு கேபின் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

அப்பத்தாவுக்கு முட்டி வலி. தாழ்வான வண்டியில ஏறி எறங்க முடியுமா?

கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. எழுவதற்கு எஸ்யூவியே சுலபம். ஆனால் உட்கார்ந்த பிறகு ராமேஸ்வரம்வரை 170 கிலோமீட்டர் இடுப்பு ஆடாமல் போவது செடானில்தான். அப்பத்தாவை முன்பக்கம் இடது சீட்டில் உட்கார வையுங்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, உயரம் கூட்டும் வசதி இருந்தால் கூட்டிவிடுங்கள். முதலில் பக்கவாட்டில் உட்காரச் சொல்லி, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். இறங்கும்போதும் அப்படியே, இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகுதான் எழ வேண்டும். நடைமேடை இருக்கிற இடத்தில் அதை ஒட்டி நிறுத்தினால் அரை அடி உயரம் லாபம்.

சீர் சாமான் ஏத்தணும், டிக்கி பெருசுதானே?

அளவில் பெரிசு: சிட்டி 506 லிட்டர், சியாஸ் 510, ஸ்லாவியா, விர்ட்டஸ் 521, வெர்னா 528. வாய்தான் சிறிசு. 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டும் படுத்துக்கொள்ளும். ஒரு பெரிய அண்டா நுழையாது. டிக்கி மூடியின் வளைந்த கைகள் உள்ளே இறங்கும் இடத்தில் பெட்டி வைத்தால் மூடும்போது நசுங்கும். எட்டுச் சிப்பம் ஏற்றினால் 200 கிலோ, அதற்கு மேல் பின் சீட்டில் மூன்று பேர் என்றால் வேகத்தடைக் கேள்விக்குத் திரும்பப் போய் ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹைவேல இந்த வண்டிகளுக்குள்ள என்ன வித்தியாசம்?

திருமங்கலம் தாண்டி விருதுநகர்ப் பக்கம் நேர்ச்சாலையில் 90–100 பிடித்தால் தெரியும். ஸ்லாவியாவும் விர்ட்டஸும் ஸ்டியரிங் கனமாக, தரையோடு ஒட்டிப் போகும். பாலத்து இணைப்புகளில் சிறு ‘தட்’ கேட்கும். சிட்டி மெத்தென்று போகும்; இன்ஜின் சக்தி 121 பிஎஸ், ஆனால் 145 என்எம் இழுவை நிமிடத்துக்கு 4,300 சுற்றில்தான் முழுதாக வரும். அதனால் லாரியை முந்த ஒரு கியர் இறக்கியே ஆக வேண்டும். 1.0 டர்போவில் 178 என்எம் 1,750 சுற்றிலேயே வந்துவிடுவதால் அந்த வேலை மிச்சம். வெர்னா 1.5 டர்போ 160 பிஎஸ், 253 என்எம். ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கும் அளவுக்கு இழுவை, காலை மெதுவாக வையுங்கள். சியாஸ் வேகத்துக்கானது அல்ல. பின் சீட்டில் தூங்கிக்கொண்டு போக இதைவிட நல்ல வண்டி இந்த ஐந்தில் இல்லை என்பது எங்கள் முடிவு.

கொடைக்கானல் மலை ஏறுமா? அஞ்சு பேரு, ஏசியோட?

ஏறும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் சக்தி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். மதுரையில் 121 பிஎஸ் இருந்தது அங்கே நூறுக்குக் கீழே போய்விடும். டர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. மேனுவல் சிட்டி, சியாஸில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் போய் மூன்றாவதில் இன்ஜின் திணறிய பிறகு மாற்றுவதுதான் கிளட்ச் வாடை வரக் காரணம். சிவிடியில் எஸ் (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றினால் இன்ஜின் சுற்று உயர்ந்தே இருக்கும்; இரைச்சல் சற்றுக் கூடினாலும் இழுவை உடனே கிடைக்கும்.

எறங்கும்போது பிரேக்ல கருகுன வாட வருதே?

பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். மலையடிவாரக் காமக்காபட்டி வரைக்கும் நீளும் அந்த இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயிலில் ஈரம் இருந்தால் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரைவரை இறங்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் முறைக்கோ, சிவிடியில் எல் அல்லது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலுக்கோ மாறுங்கள். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள், பிறகு மறுபடி.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆற விடுங்கள். ரிம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். வண்டி ஓடாவிட்டாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

சிட்டி ஹைப்ரிட் எடுக்கலாமா?

டவுன் ஓட்டம் அதிகமானால் எடுக்கலாம். நெரிசலில் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜினோடு சேர்த்து வைத்த மின் மோட்டாரே இழுப்பதால், மற்ற வண்டிகள் 11 கொடுக்கும் இடத்தில் இது 20-ஐத் தாண்டும். விலை அதிகம், டிக்கி 306 லிட்டராகச் சுருங்கிவிடும், பேட்டரி அங்கேதான் இருக்கிறது. ஹைவேயிலேயே ஓடுகிறவர்களுக்குப் போட்ட காசு மெதுவாகத்தான் திரும்பும்.

மலை இறக்கத்தில் இதில் ஒரு தனி விஷயம். இறங்கும்போது மோட்டார் மின்சாரம் எடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். பாதி மலையில் பேட்டரி நிறைந்ததும், ஆக்சிலரேட்டரைத் தொடாதபோதே இன்ஜின் ‘ஊ’ என்று உறுமும். பழுதில்லை, மிஞ்சிய மின்சாரத்தில் இன்ஜினைச் சுற்றி அதன் எதிர்ப்பால் வண்டியைப் பிடிக்கிறது.

எதுக்க வர்றவங்க எல்லாம் லைட்ட அடிச்சுக் காட்டுறாங்க. டிம்லதான் போறேன்.

பின்னால் சுமை ஏறியதும் மூக்கு தூக்கி வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணில் விழுகிறது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், 0-விலிருந்து எண் போட்ட சிறு உருளை இருக்கிறதா பாருங்கள். தனியாக ஓட்டும்போது 0. பின் சீட்டும் டிக்கியும் நிறைந்தால் 2 அல்லது 3-க்குத் திருப்புங்கள். சுவருக்கு முன் நிறுத்தித் திருப்பிப் பார்த்தால் வெளிச்சக் கோடு இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

சப்வேல தண்ணி நிக்குது, முன்னாடி போனவன் போயிட்டான். நானும் போகலாமா?

அவர் பஸ்ஸிலோ எஸ்யூவியிலோ போயிருப்பார். தண்ணீர் உங்கள் சக்கரத்தின் பாதியைத் தாண்டினால் இறங்காதீர்கள். காற்று உறிஞ்சும் வாய் தாழ்வாக இருப்பதால் எதிரில் வரும் லாரி கிளப்பும் அலையே போதும், தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போகும். தள்ளி வெளியே கொண்டுவந்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு தனியாக எடுக்காதவர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் சொந்தச் செலவுதான்.

தானா பிரேக் பிடிக்கிற வசதி நம்ம ரோட்டுக்கு ஆகுமா?

நாற்கரச் சாலையில் ஆகும். அங்கே முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே போகும் வசதி நிஜமாகவே அலுப்பைக் குறைக்கிறது. டவுனுக்குள் குறுக்கே நுழையும் ஸ்கூட்டருக்கெல்லாம் எச்சரிக்கை அடிக்கும். திடீரென்று பிடித்தால் பின்னால் வருகிறவர் மோதுவார். மோதல் எச்சரிக்கையின் தூர அளவைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள், வசதியையே அணைத்துவிடாதீர்கள். கோடு பிடித்துப் போகும் வசதியை மட்டும் உசிலம்பட்டிச் சாலை மாதிரி இருவழிச் சாலைகளில் அணையுங்கள். மாட்டுக்கும் சைக்கிளுக்கும் விலகும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். கண்ணாடியில் கேமராவுக்கு முன்னால் ஸ்டிக்கரோ திருநீறோ இருக்கக் கூடாது.

ரோட்டுல கொள்ளு, சோளம் காயப் போட்டிருக்காங்க. மேல ஏத்திட்டுப் போகச் சொல்றாங்க. போகலாமா?

அறுவடை முடிந்த மாதங்களில் பேரையூர், எழுமலைப் பக்கம் போகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. கேழ்வரகோ நெல்லோ தானியமாக மட்டும் பரப்பியிருந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். கொள்ளுச்செடி, உளுந்துச்செடி, வைக்கோல் கனமாகக் கிடந்தால் செடானுக்கு ஆபத்து. தரை இடைவெளி குறைவு என்பதால் தட்டை அடியில் செருகும், சக்கர அச்சில் கயிறு மாதிரி சுற்றும், புகைவடிகட்டியில் (சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) உரசும். ஓடிய வண்டியில் அந்த வடிகட்டி பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும். காய்ந்த தட்டை பற்ற அது போதும். இப்படித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு.

ஓரத்தில் ஒரு சக்கரத்துக்காவது இடமிருந்தால் அதில் போங்கள். இல்லாவிட்டால் நிறுத்தி, கொஞ்சம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் ஒதுக்குவார்கள். தாண்டியதும் நூறு அடியில் வைக்கோல் இல்லாத தரையில் நிறுத்திக் குனிந்து அடியைப் பாருங்கள். தொங்குவதை ஒரு குச்சியால் இழுத்துவிடுங்கள், கையை விடாதீர்கள். புகையோ கருகல் வாடையோ வந்தால் முதலில் இன்ஜினை அணைத்து எல்லோரையும் இறக்குங்கள். போனட்டை முழுதாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்ததும் தீ மேலே எழும்.